நோயிலும் நன்றி சொல்லப் பழகினேன்



என்னைப் போலவே போரில் துணையை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்த்து, இப்போது ஏதோவொரு நோயோடும் மல்லுக்கட்டுகிற ஒருத்தி இதை வாசிக்கக்கூடும். அவளை நினைத்துத்தான் எழுதுகிறேன். நான் பெரிய படிப்பாளி இல்லை. பத்தாம் வகுப்போடு இடப்பெயர்வு வந்து படிப்பு நின்றுபோனது. கோழி வளர்த்தும் தையல் தைத்தும் பிழைக்கிறவள். நோய் வந்த காலத்தில் கடவுளோடு கோபித்துக்கொண்டதையும், பிறகு அவருக்கு நன்றி சொல்லப் பழகியதையும் நடந்தபடியே சொல்கிறேன்.

செல் துண்டு என்று நினைத்தேன்

எங்கள் ஊர் முள்ளியவளைப் பக்கம். 2009 ஏப்ரலில் மாத்தளனில் விழுந்த செல்லில் என் கணவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். எனக்கு இடது தோளிலும் நெஞ்சிலும் துண்டுகள் ஏறின. எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். மிச்சம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு 2010 கடைசியில் ஊருக்குத் திரும்பினோம். அப்போது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு வயது. மாமியும் எங்களோடுதான்.

2021 நடுப்பகுதியில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கடலைப் பருப்பளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நோவு இல்லை. பழைய செல் துண்டுதான் நகர்ந்து வந்திருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் உடம்பில் துண்டு இல்லாத ஆட்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அதனால் எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. கொரோனாக் காலம், ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். ஆண் வைத்தியர் மார்பைப் பார்ப்பாரே என்ற கூச்சம் அதைவிடப் பெரிது. இரவில் அம்மாளாச்சியிடம் நேர்த்தி வைத்தேன்: இதை ஒன்றுமில்லையென்று ஆக்கிவிடு தாயே, பொங்கிப் படைக்கிறேன் என்று. நேர்த்தி வைத்துவிட்டு, செய்யவேண்டியதைச் செய்யாமல் ஏழு மாதம் இருந்தேன்.

டிசம்பரில் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த மருத்துவமாது தங்கச்சியிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். உள்ளே கூட்டிப்போய்க் கை வைத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“அக்கா, எப்ப தொடக்கம் இருக்கு? முந்தியும் இவ்வளவு பெரிசோ?”

“இல்லை, முந்திச் சின்னன். செல் துண்டுதானே தங்கச்சி.”

“செல் துண்டு வளராது அக்கா. நாளைக்கே காட்டுவம். நானும் வாறன்.”

அவள் சொன்னபடியே வந்தாள். மாவட்ட வைத்தியசாலையில் பார்த்து யாழ்ப்பாணத்துக்குத் துண்டு எழுதித் தந்தார்கள். அங்கே மார்பைப் படம் எடுத்தார்கள், கட்டியில் ஊசியால் குத்தி எடுத்துச் சோதித்தார்கள். படத்தைக் காட்டி டொக்டர் விளங்கப்படுத்தினார். செல் துண்டு ஒரு பக்கத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. கட்டி வேறோர் இடத்தில் இருந்தது. “இது புற்றுநோய் அம்மா. ஆனால் வைத்தியம் இருக்கு” என்றார். அவர் சொன்ன இரண்டாவது வசனம் அன்று என் காதில் ஏறவேயில்லை.

“எதுக்கு நன்றி?”

2022 பெப்ரவரியில் சத்திரசிகிச்சை செய்து இடது மார்பை முழுதாக எடுத்தார்கள். கொரோனாவால் பிந்திப்போன 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையும் அதே மாதம்தான் தொடங்கியது. மகள் காலையில் பரீட்சை எழுதப் போனாள், தாய் சத்திரசிகிச்சைக்குப் போனாள். “அம்மாவுக்கு ஒண்டுமில்லை, நீ எழுது” என்று ஃபோனில் சொல்லிவிட்டு ஃபோனை வைத்ததும் அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதைதான். “கடவுளுக்கு நன்றி சொல்லு, இந்தளவோட கண்டுபிடிச்சது.” “செல்லுக்குத் தப்பினனி, இதுக்கும் தப்புவாய், நன்றி சொல்லு.” நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் எனக்குள் எரிந்தது. ஒருநாள் மாமி சாமிப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு, “நீயும் வந்து ஒரு கும்பிடு போடு பிள்ளை” என்றா. நான் கத்திவிட்டேன்.

“எதுக்கு நன்றி மாமி? உங்கட மகனை எடுத்ததுக்கோ? என்ர நெஞ்சை வெட்டினதுக்கோ? பிள்ளையளை நடுத்தெருவில விடப்போறதுக்கோ?”

மாமி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தேத்தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தா. “எனக்கும் தெரியாது பிள்ளை. நான் அவனைக் குடுத்த நாளிலயிருந்து விளக்கு வைக்கிறன். ஏனெண்டு எனக்கும் தெரியாது” என்றா. அன்று அந்தக் கிழவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ இழந்தது மகனை. நான் ஒருநாளும் அவவிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

மூன்று கட்டில்கள்

மார்ச்சில் இருந்து தெல்லிப்பழையில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை, எட்டுத் தடவை. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை இனம் மதம் பாராமல் ஆட்கள் நடந்து பணம் சேர்த்துக் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை அது. 2013இல் திறந்தார்கள். முந்தியென்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த வைத்தியத்துக்கு மஹரகமவுக்குத்தான் போகவேண்டும். மொழியும் தெரியாமல், தங்க இடமும் இல்லாமல் எத்தனை பேர் பாதியில் விட்டிருப்பார்கள்! என்னை ஒருநாளும் கண்டிராத ஆட்கள் வெயிலில் நடந்ததால்தான் எனக்கு அந்தக் கட்டில் கிடைத்தது.

என் கட்டிலுக்கு ஒரு பக்கம் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா. மடு மாதாவின் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பா. மற்றப் பக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் பெண். எல்லோரும் ராத்தா என்றே கூப்பிட்டோம். 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம் அவ. முதல்நாள் அதைக் கேட்டபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “அதை விடுங்க தங்கச்சி, சத்தி வருதெண்டா இந்தத் தேசிக்காயை மணந்து பாருங்க” என்று ஒரு தேசிக்காயைக் கையில் தந்தா.

ராத்தாவிடம் எப்போது சுகம் கேட்டாலும் முதலில் “அல்ஹம்துலில்லாஹ்” என்றுதான் வரும். வாந்தி எடுத்துக் களைத்துக் கிடக்கும்போதும் அதேதான். எனக்குப் பொறுக்கவில்லை. “இந்த நேரத்திலும் என்னண்டு ராத்தா இறைவனைப் புகழுறீங்கள்?” என்று கேட்டேன். அவ சிரித்தா. “நல்லா இருக்கிறன் எண்டு நான் பொய் சொல்லேல்லையே. நோகுது எண்டதையும் அவனிட்டத்தான் சொல்லுறன். அவன் பக்கத்தில இருக்கிறான் எண்டதுக்குத்தான் புகழ்” என்றா.

மன்னார் அக்காவுக்கு ஒரு பழக்கம். படுக்கமுதல் அன்று நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி மாதாவுக்கு நன்றி சொல்லுவா. ஒருநாள் எங்களையும் சொல்லச் சொன்னா. “பெரிசா ஒண்டும் வேண்டாம். இண்டைக்கு நடந்ததில ஒண்டு. பொய் சொல்லக் கூடாது” என்பதுதான் நிபந்தனை. முதல் இரவு எனக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் தடவை போன அன்று, “மிஸி ஒரே குத்தில் நரம்பைப் பிடிச்சிட்டா” என்று சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம். மருந்து ஏற்றி நரம்பு ஒளித்துப்போனவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய நன்மை என்று தெரியும்.

பெற்றோல் இல்லாத நாள்

2022 ஜூன், ஜூலை மாதங்கள் நாட்டுக்கே கஷ்டகாலம் என்று உங்களுக்குத் தெரியும். எண்ணெய் இல்லை, பஸ் இல்லை, மருந்துக் கடைகளிலும் தட்டுப்பாடு. என்னுடைய ஆறாவது முறை அப்போதுதான் வந்தது. நாள் தவறக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல்நாள் பின்னேரம் வரை போக வழியில்லை. “கடவுள் கைவிட்டிட்டார்” என்று சொல்லிக்கொண்டு படுத்துவிட்டேன்.

விடியப்புறம் நாலு மணிக்கு வாசலில் ஓட்டோச் சத்தம். எங்கள் ஒழுங்கையில் இருந்த நாலு மோட்டார் சைக்கிள்களில் இருந்து ஆளுக்கு ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் என்று இறக்கி ஓட்டோவுக்கு ஊற்றியிருந்தார்கள். அதில் ஒருவர் செயற்கைக் கால் போட்டிருக்கிற தம்பி. அந்தப் பெற்றோலுக்காக இரண்டு நாள் வரிசையில் நின்றவன். பரந்தன் வரை ஓட்டோவில் போய், அங்கிருந்து கிடைத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துச் சகோதரிகள் தங்கள் சேமிப்பில் இருந்து கடனாகத் தந்த காசு மடியில் இருந்தது.

அன்று இரவு என் முறை வந்தபோது, “நாலு போத்தல் பெற்றோல்” என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் பேச முடியவில்லை. நோய் தொடங்கிய பிறகு மனதார நான் சொன்ன முதல் நன்றி அதுதான்.

அக்கா போன பிறகு

ஓகஸ்ட் கடைசியில் மகளின் பரீட்சைப் பெறுபேறு வந்தது. மூன்று பாடமும் சித்தி. அதே கிழமைகளில் மன்னார் அக்காவுக்கு நோய் ஈரலுக்குப் பரவிவிட்டதென்று தெரிந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது அவவால் எழும்ப முடியவில்லை. அன்றைக்கும் விடவில்லை. மெதுவான குரலில், “இண்டைக்கு மகன் வந்து காலைப் பிடிச்சு விட்டவன். மாதாவுக்கு நன்றி” என்றா. அடுத்த கிழமை செய்தி வந்தது.

மறுபடியும் எனக்குள் எல்லாம் இடிந்து விழுந்தது. எங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லப் பழக்கியவவே போய்விட்டா. நான் தப்பியதற்கு நன்றி சொன்னால், தப்பாத அக்காவுக்கு அது என்ன நியாயம்? கடவுள் என்னை மட்டும் பார்த்தாரென்று சொல்ல என் வாய் கூசியது.

அந்த நாட்களில் சின்ன வயதில் சமய பாடத்தில் படித்த திலகவதியார் கதை ஞாபகத்துக்கு வந்தது. தம்பி திருநாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்ததும், திருவதிகைக் கோயிலில் பாடி அது தீர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த அக்காவைத்தான் நாங்கள் அவ்வளவாக நினைப்பதில்லை. தாய் தகப்பனை இழந்தவள். கலியாணத்துக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையாரைப் போரில் இழந்தவள். சாகத் துணிந்தவள், தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டாள். பிறகு கோயிலைக் கூட்டி மெழுகிப் பூமாலை கட்டி வாழ்ந்தாள். இழந்தது ஒன்றும் அவளுக்குத் திரும்பி வரவில்லை. என்றாலும் அவள் கையில் இருந்த தும்புத்தடியை அவள் கீழே போடவில்லை.

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. மன்னார் அக்கா சுகம் வருமென்று விலை பேசி நன்றி சொல்லவில்லை. மகன் காலைப் பிடித்துவிட்டது உண்மை. அது அன்றைக்கு நடந்தது. நோய் அதை அழிக்க முடியாது. நோய்க்காக நன்றி சொல்லும்படி யாரும் என்னைக் கேட்க முடியாது. செல் விழுந்ததற்காகவும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாளிலும் கடவுள் யாருடைய கையாலோ ஒரு நன்மை செய்கிறார். அதைக் காணாமல் விடக் கூடாது.

ஒக்ரோபரில் கதிர்ச் சிகிச்சைக்காக மூன்று கிழமை சுன்னாகத்தில் சின்னம்மாவின் மகள் வீட்டில் நின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ என்னை மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குக் கூட்டிப்போனா. குன்ம நோயாலும் குதிரை முகத்தாலும் வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலையில் நீராடிச் சுகப்பட்டு, அந்த நன்றிக்குக் கட்டிய கோயில் என்பது ஐதீகம். அவள் சுகம் வந்த பிறகு நன்றி சொன்னாள். சுகம் வருமோ வராதோ என்று தெரியாமலே நன்றி சொன்ன மன்னார் அக்காவை நினைத்து அங்கே ஒரு கற்பூரம் கொளுத்தினேன்.

அம்மாளாச்சியின் முன்னால்

2023 வைகாசிப் பொங்கலுக்கு மாமியோடு வற்றாப்பளைக்குப் போனேன். மதுரையை எரித்த கண்ணகை, கோபம் தணிய வந்து தங்கிய இடங்களில் பத்தாவது அது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மாடு மேய்த்த பொடியன்களிடம் கிழவியாக வந்து விளக்கு ஏற்றச் சொன்னாவாம். எண்ணெய் இல்லையே என்றார்களாம். கடல் தண்ணீரை விட்டு எரியுங்கோ என்றாவாம். இன்றைக்கும் பொங்கலுக்குக் கடலில் எடுத்த தண்ணீரில்தான் விளக்கெரியும் என்பது எங்கள் நம்பிக்கை.

சனநெரிசலில் நின்று கும்பிடும்போது ஒரு நினைப்பு வந்தது. கண்ணகை தன் இடது மார்பைத் திருகி எறிந்தவள். கணவனை அநியாயமாகப் பறிகொடுத்தவள். இத்தனை வருடமாக நான் கும்பிட்ட தாய் எனக்கு என்ன நடந்ததென்று அறிந்தவள்தானே. மார்பு இல்லாத பக்கத்தைச் சேலையால் இழுத்து இழுத்து மூடிக்கொண்டு திரிந்த நான், அன்றைக்கு மூட மறந்துபோனேன்.

மாமி கேட்டா, “என்ன பிள்ளை கேட்டனி?”

“ஒண்டும் கேக்கேல்லை மாமி. நன்றி சொன்னனான்.”

அவ என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரும்வரை விடவில்லை.

சகோதரிகளுக்கு

நான் முழுதாகச் சுகப்பட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. ஐந்து வருடம் குடிக்க வேண்டிய குளிசை இன்னும் முடியவில்லை. கிளினிக் நாள் வந்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும். இரவில் ஒரு நல்ல காரியம் சொல்லும் பழக்கத்தை இப்போது பிள்ளைகளோடு செய்கிறேன். ராத்தா இடைக்கிடை ஃபோன் எடுத்து, “இண்டைக்கு என்ன சொன்னீங்க?” என்று கேட்பா.

அனுபவப்பட்டவள் என்ற உரிமையோடு சில விஷயங்கள் சொல்கிறேன்.

மார்பில் நோவில்லாத கட்டி, தோல் சுருங்குதல் அல்லது குழி விழுதல், முலைக்காம்பு உள்ளே இழுபடுதல், அதிலிருந்து இரத்தமோ நீரோ வருதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். மாதம் ஒருமுறை, மாதவிடாய் முடிந்த பிறகு, நீங்களே தடவிப் பாருங்கள். காணும் கட்டியெல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் எது என்று கையால் சொல்ல முடியாது.

முப்பத்தைந்து வயதானவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களுக்காக நடக்கும் வெல் வுமன் கிளினிக்குக்குப் போங்கள். மார்பையும் பார்ப்பார்கள், கர்ப்பப்பைக் கழுத்துக்கும் சோதனை செய்வார்கள். காசு இல்லை. போக வெட்கமென்றால் உங்கள் மருத்துவமாதுவிடம் முதலில் சொல்லுங்கள்.

உடம்பில் செல் துண்டு இருக்கிறவர்கள் எந்த ஸ்கானுக்கு முன்னும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் காந்த சக்தியால் எடுப்பது. உள்ளே இருக்கும் இரும்புத் துண்டு அசைந்தால் ஆபத்து.

மருந்து ஏற்றுகிற காலத்தில் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் நேரம் அது.

இன்னொன்று. “மருந்தை விடு, நம்பிக்கை இருந்தால் போதும்” என்று எனக்கும் ஒருவர் வந்து சொன்னார். சகோதரிகளே, அப்படிச் சொல்கிறவர் எந்தச் சமயத்தவரானாலும் கேட்காதீர்கள். நேர்த்தி வையுங்கள், செபம் செய்யுங்கள், துஆக் கேளுங்கள். கிளினிக் கொப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஏழு மாதம் நேர்த்தியை மட்டும் நம்பி இருந்த என் பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். அம்மாளாச்சி என் நேர்த்திக்குப் பதிலாகத்தான் அந்த மருத்துவமாதுத் தங்கச்சியை வீட்டு வாசலுக்கு அனுப்பினா என்று இப்போது நினைக்கிறேன்.

நோயில் கிடக்கிற ஒருத்தியைப் பார்க்கப் போனால், “நன்றி சொல்லு” என்று சொல்லாதீர்கள். அது அவள் வாயில் தானாக வரவேண்டியது. நீங்கள் ஒரு தேசிக்காயைக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சோறு சமைத்துக் கொடுங்கள். அன்று இரவு அவள் கடவுளுக்குச் சொல்லுவதற்கு ஒன்று இருக்கும்.